தாலிக்கு முன்னால் பேசிக்கொள்ள வேண்டியவை

ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமானால் வீட்டில் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள். அவர் லீவு பேலன்ஸைப் பார்ப்பார். 20 நாள் வேலை செய்தால் 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது தொழிலாளர் சட்டக் கணக்கு. வருஷம் முழுக்க ஒழுங்காகப் பஞ்ச் அடித்தவருக்கு 13, 14 நாள் தேறும். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள். காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க ஒரு நாள். சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க மூன்று நாள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வர இரண்டு. மண்டபத்துக்கு அட்வான்ஸ், சமையல்காரரோடு பேச்சு, போட்டோகிராபர் என்று அரை நாள் அரை நாளாக இன்னும் கொஞ்சம் கரையும். முகூர்த்தம் வரும்போது கையில் நாலு நாள் நின்றால் பெரிது. மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு கம்பெனி பஸ் வந்துவிடும்.

கல்யாணத்துக்கு மனசைத் தயார் செய்வது எப்படி என்று கேட்கிற தம்பி தங்கச்சிகளிடம் நான் இந்த லீவுக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். அத்தனை நாளும் விழாவுக்குப் போகிறது. கல்யாணம் ஆன பிறகு இருவரும் ஒரே வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நாள்கூட மிச்சம் வைப்பதில்லை. பட்டு எடுக்க நீங்கள் கட்டாயம் போக வேண்டுமா, அம்மாவும் அக்காவும் போனால் போதாதா என்று பாருங்கள். பத்திரிகை வைப்பதை அப்பாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அப்படி மிச்சம் பிடிக்கிற நாலு நாளை முகூர்த்தத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். மீதியை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விழாவின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளி இருக்கிறார். மண்டபம் மாமா பொறுப்பு, சமையல் பெரியப்பா பொறுப்பு, சீர்வரிசைத் தட்டுக்கு அத்தை, மொய் எழுத நம்பிக்கையான ஒரு பங்காளி. இந்த இரண்டு பேரும் சேர்ந்து வாழத் தயாராக இருக்கிறார்களா என்று பார்ப்பது மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. முன்பு ஊரில் இதற்கென்று பெயர் வைக்காமலே ஆட்கள் இருந்தார்கள். பெரியம்மாவோ தாய்மாமன் மனைவியோ சாயங்காலம் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, புருஷன் வீடு எப்படி இருக்கும், எதற்குக் கோபப்பட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பெண்ணிடம் மெதுவாகச் சொல்வார்கள். சொன்னதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். பொறுத்துப் போ என்பதுதான் அதில் பாதி. இருந்தாலும் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் அந்த வழக்கம் அறுந்துபோயிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீண்டு கிடக்கிற இந்தப் பட்டைக்கு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிற வெளியூர்ப் பிள்ளைகள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், தென்மாவட்டம், இப்போது ஒடிசாவும் பீகாரும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். அவ்வளவும் கல்யாண வயதில் இருக்கிற பெண்களுக்கு. கல்யாணப் பேச்சு ஊரில் நடக்கிறது, பிள்ளை இங்கே அறையில் இருக்கிறது. சி ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தவருக்குப் பதினோரு மணிக்குப் போன் வரும்: பத்திரிகையில் பெரிய மாமா பேர் விட்டுப்போச்சு, அவர் வரமாட்டேங்கறார், நீ ஒரு வார்த்தை பேசு.

அந்த மாதிரி தூக்கம் கெட்ட ஒரு நாளின் சாயங்காலத்தில்தான் பெண்ணுக்கும் பையனுக்கும் முதல் சண்டை வருகிறது. ரவிக்கைத் தையல்கூலியைப் பற்றி, வரவேற்புக்கு எந்த நிறம் என்பதைப் பற்றி, "உங்க அம்மா அப்படிக் கேட்டாங்களாமே" என்பதைப் பற்றி. இந்தச் சண்டைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சேலைக்காகச் சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் இவர் யார் பக்கம் நிற்பார் என்று ஒருவர் பயத்தோடு பார்க்கிறார். அது சேலையின் பேரில் வெளியே வருகிறது.

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இருக்கிற மூன்று நான்கு மாதத்தில் இரண்டு வீட்டுக்கும் தபால்காரராக ஆகிவிடுவதுதான் பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடம். பவுன் எத்தனை, சாப்பாட்டில் எத்தனை இலை, பெண் அழைப்புக்கு எத்தனை மணி எல்லாம் இவர்கள் போன் வழியாகவே போய்வருகிறது. பேச ஆரம்பித்த புதிதில் இருந்த இதம் அப்படியே வடிந்துவிடும். இரண்டு வீட்டிலும் நிதானமான ஒருவரைக் கைகாட்டி, கொடுக்கல் வாங்கல் பேச்செல்லாம் அவர்களுக்குள் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "அத பத்தி மாமாகிட்ட பேசச் சொல்லிட்டேன், நீ இன்னைக்கு சாப்ட்டியா?" என்று பேச முடிகிறவர்களுக்கு அந்த மாதங்கள் வேறு மாதிரி போகும். வரதட்சணை என்று எதையாவது கேட்கும் பேச்சு வந்தால் அதை மட்டும் மாமாவிடம் தள்ளிவிடக் கூடாது. 1961இலிருந்தே அது குற்றம். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. அந்த ஒரு விஷயத்தில் அவர் வாய் திறக்கிறாரா இல்லையா என்பதை வைத்தே பெண் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஆன்மிகமாகத் தயாராவது என்றால் தனியாக விரதமோ பூஜையோ எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எடுப்பவர்கள் எடுக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு இங்கிருந்து எத்தனையோ பேர் மாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சுவாமிக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி வந்து, வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் துணையோடு வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த மாலை வாடிச் சருகாகி மாதக்கணக்கில் சாமி படத்துப் பக்கத்தில் கிடக்கும். காத்திருக்கிறோம் என்பதைத் தினமும் நினைவூட்டுகிற பொருள் அது. எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும்.

நம் கல்யாணச் சடங்குகளிலேயே மனசுக்கான இடைவெளி இருந்தது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பந்தக்கால் நட்டாயிற்று என்றால் வீடு வேறு வேலை பார்க்காது. காப்புக் கட்டியாயிற்று என்றால் பெண்ணும் பிள்ளையும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. திருஷ்டி, காத்து கருப்பு என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அவர்களை வேலையிலிருந்து பிடித்து இழுத்து உட்கார வைத்த ஏற்பாடு அது. நலங்கில் மஞ்சள் பூசி, தேங்காய் உருட்டி, அப்பளம் உடைத்து விளையாட வைத்தது முன்பின் பழகாத இரண்டு பேரின் கூச்சத்தைப் பெரியவர்கள் எதிரிலேயே கரைக்கத்தான். இன்றைக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துச் சாவி கைக்கு வருகிறது, உடனே வரவேற்பு, நள்ளிரவு வரை மேடையில் நின்று போட்டோ, விடிவதற்குள் முகூர்த்தம், மதியம் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். காப்பும் நலங்கும் நடக்கின்றன, பத்து பத்து நிமிஷத்தில், வீடியோக்காரர் சொல்கிற பக்கம் திரும்பிக்கொண்டு. அதற்கு முந்தின ராத்திரி வரை பிள்ளை லைனில் நின்றிருப்பான். காப்புக் கட்டுவதை முதல் நாள் வீட்டிலேயே காலையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போனை அக்கா கையில் கொடுத்துவிடச் சொல்கிறேன். மண்டப வாடகை இதற்காக ஒரு ரூபாய் கூடாது.

இன்னொன்று, மணமேடையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது. புரோகிதர் வைத்துச் செய்கிறவர்கள் ஒரு வாரம் முன்பு அவரைப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு மந்திரத்துக்கும் அர்த்தம் கேளுங்கள். நல்லவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஏழு அடி நடக்கிற சப்தபதியில் உணவுக்கு, பலத்துக்கு, செல்வத்துக்கு, பிள்ளைகளுக்கு என்றெல்லாம் வேண்டிக்கொண்டு வந்து, ஏழாவது அடியில் நாம் நண்பர்களாகிவிட்டோம் என்று முடிகிறது. அதைத் தெரிந்துகொண்டு நடப்பவர்களுக்கு அந்த ஏழு அடியும் வேறு மாதிரி இருக்கும். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நாகரத்னா அமர்வு ஒரு வழக்கில் சடங்கின் முக்கியத்துவத்தைச் சொன்னது. முறையான சடங்கே நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றிதழை வைத்து இந்துத் திருமணம் ஆகிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆட்டம் பாட்டத்துக்கும் விருந்துக்கும் கூடுகிற நிகழ்ச்சியாக மட்டும் கல்யாணத்தைப் பார்க்காதீர்கள், அதற்குள் போகுமுன் ஆழ்ந்து யோசியுங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் நமக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது அதனால்தான். உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறோம் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னாலே போதும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஐயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், புரிந்து சொல்வது என்கிற அந்த ஒரு விஷயத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்கர்கள் இதை விட்டுவிடாமல் முறையாகவே வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் தயாரிப்புப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். கோயிலில் ஓலை என்கிற கல்யாண அறிவிப்பை மூன்று முறை வாசிக்கிறார்கள். பங்குத் தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக உட்கார வைத்து, சம்மதத்தோடுதான் வருகிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்கிறார். நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மேற்கொண்டு நடக்கும், மஹர் எவ்வளவு என்பதும் சபையில் சொல்லப்படும். தனியாகக் கேட்பது என்ற இந்த வழக்கம் நம் வீடுகளில் இல்லை. பெண் பார்க்கிற அன்றைக்குப் பத்துப் பேர் நடுவில், காபித் தட்டு கையில் இருக்கும்போது, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எந்தப் பெண் என்ன சொல்வாள்? வீட்டில் ஒருவர், மாமியாரோ நாத்தனாரோ ஆகப்போகிறவர் இல்லாமல் அவள் பக்கத்து ஆள் ஒருவர், தனியாகக் கூட்டிப் போய்க் கேளுங்கள். பையனையும் கேளுங்கள். அவனை யாருமே கேட்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிற ஒரு தாம்பத்தியக் கதை உண்டு. 1017இல் இந்த ஊரில் பிறந்த ராமானுஜரின் கதை. அவர் உடையவர் ஆனதும், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை அணைத்துக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். அவருக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆனதும், அந்தக் கல்யாணம் முறிந்ததும் கோயிலில் உபன்யாசம் கேட்பவர்கள் தாண்டி அதிகம் பேர் பேசுவதில்லை. மனைவி பெயர் தஞ்சமாம்பாள். குடும்பம் காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுகிற திருக்கச்சி நம்பியிடம் ராமானுஜருக்கு அளவில்லாத பக்தி. பூவிருந்தவல்லிக்காரரான நம்பி பிராமணர் இல்லை. அவரை ஒரு நாள் சாப்பிட அழைத்தார், அவர் உண்ட மிச்சத்தைத் தான் பிரசாதமாக ஏற்க வேண்டும் என்ற ஆசையோடு. ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். தஞ்சமாம்பாள் இலையைத் தூக்கி எறிந்து, இடத்தைக் கழுவி மெழுகி, தலைக்குக் குளித்து, கணவருக்குப் புதிதாகச் சமைத்து வைத்திருந்தார். பிறகு ஆசாரியரான பெரிய நம்பி குடும்பத்தோடு வந்து அதே வீட்டில் தங்கியிருந்தபோது, கிணற்றடியில் அவர் மனைவிக்கும் தஞ்சமாம்பாளுக்கும் தண்ணீர்க் குடத்தால் வாக்குவாதம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பெரிய நம்பி ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார். ராமானுஜர் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துறவு வாங்கிக்கொண்டார். குருபரம்பரைக் கதைகள் இப்படித்தான் சொல்கின்றன.

சொல்பவர்கள் எப்போதும் தஞ்சமாம்பாள் மேல் பழியைப் போடுவார்கள். எனக்கு அந்தப் பெண்ணிடம் பரிவுதான் வருகிறது. பிறந்த வீட்டில் கற்றுக்கொடுத்த ஆசாரத்தை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். இந்த வீட்டில் யார் வந்தாலும் எப்படி நடத்த வேண்டும், ஏன் அப்படி என்று அவரிடம் கணவர் உட்கார்ந்து பேசியதாக எந்தக் கதையிலும் இல்லை. ராமானுஜருக்குள் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு அது சொல்லப்படவில்லை. ஒரு மகானின் வீட்டிலேயே விருந்தாளியை எப்படி நடத்துவது என்ற விஷயத்தில் குடும்பம் முறிந்திருக்கிறது என்றால், இதைப் பேசாமல் இருக்க நமக்கு என்ன தைரியம் இருக்கிறது?

இன்றைக்கு இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். ரூமில் உங்களோடு ஐந்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட நண்பன் வேறு சாதி, வேறு மதம், வேறு மாநிலம். அவன் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் வந்து தட்டில் சாப்பிடுவானா? வெளியில் பாத்திரம் தனியாக இருக்குமா? வெள்ளிக்கிழமை கறி ஆகுமா ஆகாதா? கோயிலுக்குப் போகாதவர் என்றால் அதை மாமியாரிடம் யார் சொல்வது? குடிப்பது உண்டா, எவ்வளவு? மனசு தயாராவது இந்த மாதிரிக் கேள்விகளில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். தியானம் பண்ணி வருகிற அமைதியைவிட, மறைத்து வைத்ததைச் சொல்லிவிட்ட பிறகு வருகிற அமைதி நெடுநாள் நிற்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய, தவறாமல் பேச வேண்டிய ஒன்று பெண்ணின் வேலை. கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவாள் என்பதை இரண்டு வீடும் கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. கம்பெனிகளும் அப்படியே எடுத்துக்கொள்கின்றனவா என்ற கேள்வி 2024 ஜூனில் நாடு முழுக்க எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கிற வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஆள் எடுப்பவர்கள் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் விரிவாகச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, லீவு, தாலி மெட்டி போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்றெல்லாம் காரணங்கள் அதில் வந்தன. நிறுவனம் மறுத்தது, தன்னிடம் வேலை செய்யும் பெண்களில் சுமார் 8% கல்யாணமானவர்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அந்தச் செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேர வேண்டிய விதத்தில் சேரவில்லை என்பது என் வருத்தம். வேலைக்கு எடுக்கும் இடத்தில் கல்யாணம் ஒரு தடையாக வைக்கப்படுகிறதா என்று ஆணையம் கேட்டது. வரன் பார்க்கும் இடத்தில் அதே தடையை நாமே வைத்துக்கொண்டிருக்கிறோம். டிப்ளமோ முடித்து, விடுதியில் தங்கி, மூன்று வருஷம் சம்பாதித்து, தன் நகையைத் தானே வாங்கிக்கொண்ட பெண் அவள். தம்பி படிப்புக்கும் பணம் அனுப்பியிருப்பாள். அவளுக்கு அந்தச் சம்பளம் பணம் மட்டும் இல்லை. அவள் வேலையைத் தொடரப்போகிறாளா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள் தம்பி. "எனக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல, நீ போகலாம்" என்று அனுமதி கொடுக்கிற மாதிரி பேச வேண்டாம். தொடரட்டும் என்றால் அடுத்தடுத்த கேள்விகள் வரும்: யார் கம்பெனி பக்கம் வீடு பார்ப்பது? பிள்ளை பிறந்தால்? சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 27ஆவது வாரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, உங்கள் அம்மாவிடமோ அவள் அம்மாவிடமோ இப்போதே கேட்டால்தான் உண்டு.

இருவரும் வேலைக்குப் போனால் ஷிப்ட் என்ற ஒன்று நடுவில் வந்து நிற்கும். அவள் ஏ ஷிப்ட், அவன் சி ஷிப்ட் என்றால் ஒரு வாரம் முழுக்க இருவரும் விழித்திருக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்வது சாயங்காலம் சில மணி நேரம்தான். லைனில் ஷிப்ட் மாறும்போது, எந்த மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே கவனம் வேண்டும் என்று பத்து நிமிஷம் சொல்லிவிட்டுத்தானே இறங்குகிறீர்கள், வீட்டிலும் அந்த ஹேண்டோவர் வேண்டும். அம்மா போன் பண்ணினாங்க, எனக்கு இன்னைக்கு சூப்பர்வைசரால மனசு சரியில்லாம போச்சு, நாளைக்கு தண்ணி வராது. இதை வாய்விட்டுச் சொல்லப் பழகுவதற்குக் கல்யாணத்துக்கு முந்தின போன் பேச்சே நல்ல இடம். "சாப்ட்டியா, தூங்கினியா" தாண்டி, இன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் கேட்கிற விதத்தில் ஆள் தெரிந்துவிடும்.

பணம் பற்றிப் பேசினால் ஆசை பிடித்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் விழாவுக்கு வாங்கிய கடன் முதல் வருஷத்தை அப்படியே தின்றுவிடும். பர்சனல் லோன் எவ்வளவு, நகை அடகு இருக்கிறதா, சீட்டு எடுத்தாயிற்றா, ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதை எண்ணாகவே சொல்லிவிட வேண்டும். மொய் நோட்டைப் பற்றியும் கேளுங்கள். மொய்ப்பணத்தை அப்பா கடனுக்குக் கட்டிவிட்டு, திருப்பிச் செய்கிற கடமை மட்டும் உங்கள் தலைக்கு வருவது பல வீட்டில் நடக்கிறது. அது தவறென்று சொல்லவில்லை, பெற்றவர்கள் செலவழித்தது அது. முன்பே தெரிந்திருந்தால் மனக்கசப்பு வராது, அவ்வளவுதான்.

வேலை போனால் என்ன செய்வோம் என்ற கேள்வியைச் சுபகாரிய நேரத்தில் எடுக்காதே என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் அதை எடுத்தே ஆக வேண்டும். 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள், அதில் நிறையப் பெண்கள், அந்த வருஷம் வேலை இழந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த மாதத்துச் சம்பளத்தை நம்பி வாடகையும் தவணையும் இருந்த வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "அப்படி ஒன்னு வந்தா நாம எங்க போவோம், யார்கிட்ட கேப்போம்?" என்று ஒரு தடவை சேர்ந்து யோசித்து வைத்தவர்கள் அந்த நாளில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

சின்னதாக ஒரு காகித வேலையும் இதோடு சேர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பி.எஃப். நாமினேஷனில் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன் செய்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாகச் செய்ய வேண்டும் என்பது பி.எஃப். திட்ட விதி. அம்மா பெயர் போய் மனைவி பெயர் வருவது வீட்டில் சங்கடமாகத்தான் இருக்கும். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவருக்கு வேறு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்வதும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

இவ்வளவும் பேசிய பிறகும் பயம் இருக்கலாம். முகூர்த்தம் நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைவது, காரணமில்லாமல் அழுகை, இவரோடு வாழ்நாள் முழுக்க முடியுமா என்ற திகைப்பு எல்லாம் நல்ல இடத்தில் அமைந்தவர்களுக்கும் வரும். ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு வரும், இனி இன்னொருவருக்குப் பொறுப்பு என்று உணர்கிற பையனுக்கும் வரும். கட்டிக்கொள்ளப் போகிறவரோடு பேசி முடித்ததும் அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் அது சாதாரணப் பயம். தூக்கம், சாப்பாடு முற்றிலும் கெட்டு வாரக்கணக்கில் இழுத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பேசப் பேசப் பயம் கூடினால் அது வேறு. போனைச் சரிபார்ப்பது, நண்பர்களை விடச் சொல்வது, கோபத்தில் கை ஓங்குவது, நிச்சயம் ஆன பிறகு பவுனைக் கூட்டிக் கேட்பது, முன்பிருந்த கல்யாணத்தையோ நோயையோ மறைத்தது தெரியவருவது, இவற்றையெல்லாம் கல்யாணமானால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்கள் 181இல் உதவி கேட்கலாம். கல்யாணத்தை நிறுத்துவது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். மண்டப அட்வான்ஸ் போகும், பத்திரிகை அடித்த காசு போகும், ஊர் ஒரு வருஷம் பேசும். உங்கள் வீட்டில் தாய்மாமாவோ சித்தியோ அப்பாவோ, "போகட்டும், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் இருப்பார். மற்றவர்களிடம் போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள், போனில் வேண்டாம், நேரில் போய்.